என்ஜின் கொட்டகை எண்ணெய்

ஐப்பசி 9, திங்கள்
விடியலிலிருந்து மழை. தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பதினோரு பேர், பார்க்க டிரசர் நான் ஒருவன். நாலு பேருக்கு வாந்தி. கொழுந்து பறிக்கும் முனியம்மாவுக்கு இரண்டு பாதமும் மரத்துவிட்டன. ஊசியால் குத்தினேன். "குத்திட்டீங்களா டிரசரய்யா?" என்று கேட்கிறாள். என்ன சாப்பிட்டாள்? மரவள்ளி அடை. எண்ணெய் ஏது என்றதும் வாயை மூடிக்கொண்டாள்.
கட்டுத்துணி தீர்ந்தது. பழைய கொசுவலையைக் கிழிக்க வேண்டும்.

செவ்வாய்
தூறல். முனியம்மாவின் புருஷன் வேலு, வீட்டு எண்ணெய்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தான். சோதிக்க மருந்து ஏதும் இல்லை. மூக்கு, கண், ஸ்பிரிட் விளக்கு, அவ்வளவுதான். கரண்டியில் காய்ச்சினேன். முதலில் செம்பனை வாசம். பிறகு ரப்பர் எரிந்த மாதிரி ஒரு நெடி, தொண்டையைப் பிடித்தது. காகிதத்தில் ஒரு துளி விட்டேன், நடுவில் கரும்புள்ளி. ரிங்லெட் டவுன் நானா கடையில் வாங்கிய எங்கள் வீட்டு எண்ணெயில் ஒரு துளி. அதில் கருமை இல்லை.
"பெக்டரி எண்ணெயா?"
வேலு தரையைப் பார்த்தான். "ஜப்பான்காரன் வந்ததுலேர்ந்து டீசல் இல்லன்னு என்ஜினுக்கே செம்பனை எண்ணெய்தான ஊத்துறாங்க. கோவிந்தண்ணன் கொஞ்சம் குடுத்தாரு. லயத்து வீடுகள்ல எல்லாருக்கும்தான் லா."
கோவிந்தன் என்ஜின்காரர். என் மனைவியின் அண்ணன். இனி இங்கே கோ. என்று மட்டும்.

புதன்
கோ.வைக் கொட்டகையில் பார்த்தேன்.
"டாங்கில கைவச்சா ஜப்பான்காரன் குச்சி விட்டு அளந்து கண்டுபிடிச்சிருவான் மாப்ள. அதான் கீழ ஒழுகுறத வடிகட்டுனேன்."
ஒழுகுவதில் மெஷின் எண்ணெயும் கலந்திருக்குமே என்றேன்.
"ரெண்டு தரம் காய்ச்சித்தான் குடுத்தேன். நானும் அதத்தான் திங்கிறேன்."
போகும்போது வலது காலை இழுத்தபடி போனார்.
வீட்டில் உப்பு இல்லை.

வியாழன்
வெயில், கொஞ்ச நேரம். ஜப்பான் அதிகாரி வந்தார், கூடவே மொழிபெயர்த்துச் சொல்ல ஆபீஸ் கிராணி. இத்தனை பேர் வேலைக்கு வராததற்குக் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். போன மாதம் ஸ்டோரில் அரிசி எடுத்தவனைக் கீழே தாப்பா டவுனுக்கு லோரியில் ஏற்றிப்போனார்கள். அவன் திரும்பி வரவில்லை. கிராணி குனிந்து, "பாத்து எழுதுங்க," என்றார்.
எழுதினேன்: பெரிபெரி, சத்துக் குறைவு நோய். தவிடு தேவை. எண்ணெய் என்று எழுதவில்லை.
ஒன்றும் தோன்றவில்லை. மத்தியானம் பசித்தது, சாப்பிட்டேன்.

வெள்ளி
மழை. வேலுவோடு லயம் லயமாகப் போய் எண்ணெயைக் காண்டா வாளியில் கொட்டினோம். யாரிடமும் சொல்லாதீர்கள் என்றேன். பிள்ளைக்காரி செல்லம்மா மட்டும் பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.
"வெறும் மரவள்ளி புள்ளைக்குத் தொண்டையில எறங்கல. இதையும் எடுத்துட்டா எதுல சுடுறது?"
பிடுங்கித்தான் கொட்டினேன். எங்கள் வீட்டு எண்ணெயில் பாதியைக் கொடுத்தேன். மீதியை மனைவி உறியில் ஏற்றி வைத்தாள்.
திரும்பி வரும்போது கடைசி லயத்தில் யாரோ எதையோ பொரிக்கும் வாசனை. அதே ரப்பர் நெடி. நின்றேன். எந்த வீடு என்று தெரியவில்லை.

சனி
மூடுபனி. தவிடு ஒரு மூட்டை வந்தது. வாந்தி புதிதாக யாருக்கும் இல்லை. முனியம்மா அப்படியேதான்.
பத்து மணிக்குக் கோ.வை வேலு முதுகில் சுமந்து வந்தான். கொட்டகையில் விழுந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை.
"மறுபடி நடப்பேனா மாப்ள?"
கண்ணை மூடச் சொன்னேன். வலது காலில் எந்த விரலைப் பிடித்திருக்கிறேன் என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தார்.
"பெருவிரல்."
நான் பிடித்திருந்தது சுண்டுவிரலை.
சரிதான் என்றேன்.