மரத்தில் தொங்கும் வேலை

அன்புள்ள பிரேமினிக்கு,

இருமல் குறைந்ததா? ராகலையில் மழை விட்டதா? நான் முழங்கால் சிராய்ப்போடு நலம்.

கனடாவுக்கு ஆப்பிள் பறிக்க வந்த என்னை, மரக்கன்றுகளைத் தின்னும் மான்களை வில்லால் வேட்டையாட முதலாளி பழக்குகிறார். இடுப்புப் பட்டியைக் கயிற்றால் மரத்தில் கட்டி, அதிலேயே உட்கார்ந்து தொங்கவேண்டும். ஏறும்போதே வழுக்கினேன்.

"கயித்த நம்பி சாஞ்சுக்கங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு, கூட வேலை செய்யும் பூண்டுலோயாக்காரன் கிஷாந்த் போய்விட்டான். சொல்வது சுலபம்.

மூன்று மணி நேரம் கால் மரத்துப்போகத் தொங்கியபின் கொம்புமான் ஒன்று வந்தது. வில்லை இழுத்தேன். போன் அடித்தது. மான் ஓடிவிட்டது. நீ, "சாப்பிட்டீங்களா?" என்றாய். எரிச்சலில் வைத்துவிட்டேன். கோபிக்காதே.

கொஞ்சம் மாசிக் கருவாடும், வலிக்குத் தைலமும் அனுப்பு.

இனிப் போனைக் கீழே வைத்துவிட்டு ஏறச் சொல்கிறார் முதலாளி. முடியாது என்று சொல்லிவிட்டேன்.

வேலைக்குப் போக வேன் வந்துவிட்டது.

உன்,
தனுஷன்