கீழ்த்தொட்டியின் உப்பு

12-1-76, திங்கள்

இரண்டு கடல்மீன்களில் ஒன்று மாலையில் செத்துவிட்டது. மீன்தொட்டிக்குக் கீழே நானே கண்ணாடி ஒட்டிச் செய்த இன்னொரு தொட்டி இருக்கிறது. மேலிருந்து வழியும் நீர் அதிலுள்ள கடற்பாசிக்குள் புகுந்து தெளிந்து, மோட்டாரில் மறுபடி மேலேறும். பாலக்காட்டுக் கணவாயின் வறண்ட காற்று தொடங்கியதிலிருந்து கீழ்த்தொட்டி தினமும் இரண்டு விரல் வற்றியது. பொன்னானியிலிருந்து கேனில் கொண்டுவந்த கடல்நீரையே ஊற்றி நிரப்பினேன்.

"ஏனுங்க, கொழம்பு சுண்டுனா உப்புத் தண்ணியவா ஊத்துவாங்க? கெணத்துத் தண்ணிதானுங்க ஊத்தோணும்" என்று சரசு போன வாரமே சொன்னாள்.

"கடல்மீனுக்குக் கெணத்துத் தண்ணியா? நீ அடுப்பப் பாரு" என்றேன்.

இன்று இரண்டு நீரையும் நாக்கில் வைத்துப் பார்த்தேன். கேன் நீரைவிடத் தொட்டி நீர் அதிகம் கரித்தது. காற்று நீரை மட்டும்தான் கொண்டுபோகிறது, உப்பு அங்கேயே கிடக்கிறது. ஏழாம் வகுப்புக்கு வருஷம் தவறாமல் நான் நடத்தும் பாடம்.

மிச்சமிருக்கும் மீன் ஒருபக்கமாகச் சாய்ந்து நீந்துகிறது. கிணற்று நீர் எடுக்க எழுந்து போனேன். தொட்டியருகே ஏற்கெனவே ஒரு சொம்பு நிறைய இருந்தது. வைத்துவிட்டுப் போய்ப் படுத்திருக்கிறாள். 'நாஞ் சொன்னனே' என்று குத்திக்காட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.