பிரேக் வைத்த சைக்கிள்

ஒரு காலை நீட்டிப் படுத்துக்கொண்டு உலகத்தையே வெறுத்துக்கொண்டிருக்கும் என் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், என் முழங்கால்களைத் தவிர.

வேலைக்குத் திரும்பப் போவதில்லை, சைக்கிளை விற்றுவிடு என்று எழுதியிருந்தாய். கட்டுப் பிரித்தாகிவிட்டது, டாக்டர் நடக்கச் சொல்கிறார், நீதான் எழுந்திருக்க மாட்டேன் என்கிறாய் என்று அம்மா போனில் ஒரே புலம்பல். "அந்த மேட்டு ஊரே வேணாம்டி, இங்கயே ஏதாவது பாத்துக்கட்டும்" என்கிறாள். நான் விற்கவில்லை. மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன்.

சக்கரம் சுற்றும்வரை பெடலும் நிற்காமல் சுற்றும் வண்டி. அதில் பிரேக்கே இல்லாமல் இந்த ஊர் இறக்கத்தில் வந்திருக்கிறாயே என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். "பிரேக் வெச்சா அழகு கெட்டுடும்னான்" என்றேன். "இப்ப கால் மட்டும் அழகா இருக்காம்மா?" என்றார். சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

முன்சக்கரத்துக்குப் பிரேக் போட்டாயிற்று. ஏற்றத்தில் மிதிக்க லேசாக இருக்க, பின்னால் பெரிய பல்சக்கரம். பெடலில் பாதத்தைப் பிடித்துக்கொள்ள வார். யார் ஓட்டப்போவது என்று கேட்டார். நான்தான் என்றதும் பரிதாபமாகப் பார்த்தார். என்னை அல்ல, சைக்கிளை.

"ஆளுக்கொரு கட்டுப் போட்டாத்தான் உங்க குடும்பத்துக்கு நிம்மதியா?" என்கிறார் உன் மாமா. மாடிவீட்டு அம்மாளோ, நான் இளைக்கப் பார்க்கிறேன் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அவள் மருமகன் மீசைக்குச் சாயம் பூசுவதை நான் யாரிடமாவது சொன்னேனா?

முதல் நாள் ஒரு சின்ன இறக்கத்தில், பழைய சைக்கிள் நினைப்பில் மிதிப்பதை நிறுத்திக் காலுக்கு ஓய்வு கொடுத்தேன். பெடல் ஓய்வு கொடுக்கவில்லை. சீட்டிலிருந்து என்னைத் தூக்கிவிட, தையல்கடை வாசலில் இருந்த துணி மூட்டைமேல் சைக்கிளோடு போய் விழுந்தேன். "அளவெடுக்கவாம்மா வந்தீங்க?" என்றார் தையல்காரர்.

நேற்று, நீ விழுந்த இறக்கத்துக்கே போனேன். உச்சியில் நின்று பெடல் வாரை இறுக்கிக்கொண்டேன். வண்டியை விட்டேன். வேகம் ஏற ஏற என் கால்கள் தையல் மிஷின் ஊசி மாதிரி பறந்தன. நீ பெடலிலிருந்து காலை எடுத்தது ஏன் என்று அப்போது புரிந்தது. எனக்கும் எடுத்துவிடலாம் போலிருந்தது. எடுக்கவில்லை. பெடலைப் பின்னுக்கு அழுத்திக்கொண்டே பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தேன். கீழே வந்ததும் வண்டி நின்றது. காய் வாங்க வந்திருந்த மாடிவீட்டு அம்மாள் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினாள். திரும்பும்போது பாதி ஏற்றம் தள்ளிக்கொண்டுதான் வந்தேன். அதையும் அவளே தெருவுக்குச் சொல்லிவிட்டாள்.

பிரேக் பார்க்க அசிங்கம்தான். ஆனால் பிடிக்கிறது.

ஒரே ஒரு வேலை பாக்கி. சீட் இப்போது என் உயரத்துக்கு இறங்கியிருக்கிறது. உன் உயரத்துக்கு ஏற்றித் தரச் சொன்னால் மெக்கானிக் மறுக்கிறார். "ஓட்டறவன் பக்கத்துல வந்து நிக்கட்டும்மா, அப்பதான் அளவு தெரியும்" என்கிறார்.

உன் கால்களுக்கு என் ஆசிகள். வந்து நில், தம்பி.

வாசல் பார்த்திருக்கும்
அக்கா