எரிந்துகொண்டே தீர்ந்த விளக்கு

டிச. 7, ஞாயிறு. மழை.

இல்லை, பச்சோந்தி மேல் எனக்குக் கோபம் இல்லை. அதற்கு என்ன தெரியும். ஏமன் நாட்டு இனம். பெயர் பிஜூ, பிரெஞ்சில் நகை. வைத்தவள் நதீன், பிரகாஷின் பழைய தோழி. பிரான்சுக்குப் போனபோது என் புருஷனிடம் விட்டுப் போனாள். வனத்துறைப் பதிவு இப்போது அவன் பெயரில். எங்கள் கல்யாணம் நடந்து ஏழு மாதம், அது இன்னும் பதிவாகவில்லை.

மதியம் இரண்டு மணி, வழக்கமான வீடியோ அழைப்பு. அவள் அவனை 'டா' போடுகிறாள். நான் இந்த நோட்டில் மட்டும்தான் 'அவன்' என்று எழுதுகிறேன். நேரில் 'நீங்க'.

"பிஜூ, மோன் கேர், என் உயிரே! டேய் பிரகாஷ், காலைல விளக்குக்குக் கீழ கறுப்பாவறானா?"

"ஆவறான். ஒரு பக்கம் மட்டும். உடம்பத் தட்டையா விரிச்சிக்கினு."

"சூடு ஏத்திக்கிறான். பார்சல் வந்துச்சா?"

"வரல. மழைல்ல."

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். பார்சல் வந்து நான்கு நாள். நீளப் பெட்டி. என் பிறந்தநாளுக்கு அவன் வரவழைத்தது என்று நினைத்துப் பிரித்தேன். உள்ளே குழல்விளக்கு. கூடவே நதீன் எழுதிய சீட்டு: 'பழசு எரியும், ஏமாந்துடாதே. புற ஊதா தீர்ந்திருக்கும். அது இல்லன்னா அவன் எலும்பு போயிடும்.'

பீரோவுக்குப் பின்னால் வைத்தேன்.

டிச. 9, செவ்வாய். மேகம்.

சில்வண்டு ஆறு போட்டேன். இரண்டுதான் தின்றது. நாக்கு குறி தவறுகிறது.
பால். கல் உப்பு. லாஸ்பேட்டைப் பள்ளியில் நாளை முதல் பீரியட் எனக்கு, குடை தைக்கணும்.

காலை ஆறுக்கே பிரகாஷ் கூண்டின் முன், முழங்காலில். வெப்பமானியைப் படித்துக்கொண்டு. எனக்கு ஜுரம் வந்தபோது மாத்திரையை மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனவன்.

கீழ்வீட்டு அக்கா எட்டிப் பார்த்து: "ஓணானுக்கு ரெண்டு லைட்டாம்மா? ஒனக்கு நல்ல ஃபேன் ஒண்ணு போடச் சொல்லு அந்தாள."

சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

டிச. 11, வியாழன். தூறல்.

பிஜூ கிளையிலிருந்து விழுந்துவிட்டது. முன்கால்கள் நடுங்கின. பிரகாஷ் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, "லைட்டு எரியுது, அப்பறம் இன்னா?" திரும்பத் திரும்ப. கதிர்காமம் பக்கம் ஒரு கால்நடை டாக்டர். ஸ்கூட்டரில் பின்னால் நான், மடியில் டப்பா.

"டியூப் மாத்தி எவ்ளோ நாள் ஆவுது?"

"ஒரு வருஷம் இருக்கும் சார்."

"அப்ப அது வெறும் வெளிச்சம்தான். எலும்பு மெத்துனு ஆவுது. இன்னிக்கே மாத்துங்க, தேறும்."

வெளியே வந்து அழுதான். அவன் அழுது நான் பார்த்ததில்லை. அப்போதும் முதலில் வந்தது பொறாமைதான். எழுதி வைக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"எப்ப வந்துச்சு?"

"போன புதன்."

"ஏன் லதா?"

"அது முன்னாடி உக்கார்ற மாதிரி ஒரு நாளாவது என் முன்னாடி உக்காந்திருக்கீங்களா?"

ஸ்டூல் போட்டு ஏறி விளக்கை மாட்டினான். ஸ்டூல் ஆடியது. பிடித்துக்கொண்டேன். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

டிச. 14, ஞாயிறு. வெயில், பத்து நாளுக்குப் பிறகு.

மூன்று நாளாகத் தேவைக்கு மட்டும் பேச்சு. சாவி. தண்ணி கேன். பிஜூ இன்று நான்கு தின்றது. இன்னும் தாழ்ந்த கிளையில்தான்.

இரண்டு மணிக்குப் போன் அடித்தது. பிரகாஷ் எடுக்கவில்லை. "நீயே சொல்லு" என்று என் பக்கம் தள்ளினான்.

"லதாவா? பிரகாஷ் எங்க?"

"பக்கத்துலதான். பார்சல் அப்பவே வந்துடுச்சு. நான்தான் ஒளிச்சி வெச்சேன்."

வசவுக்குக் காத்திருந்தேன்.

"பிஜூ இருக்கானா?"

"இருக்கான்."

"காட்டேன்."

கூண்டை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனேன். பாதி வெயில், பாதி நிழலாக வைத்துவிட்டு, போனை அதன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.