மேசை விளிம்பு

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்களா? இங்கே எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் பார்த்தேன், கை வரவில்லை. போனில் சொன்னால் நான் அழுவேன், நீ வேலைக்கு நேரமாச்சு என்பாய், அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

அப்பாவுக்கு வலது விலாவுக்குக் கீழே வலி என்று சொன்னேன் அல்லவா, அது கடை மேசை இடித்து வந்தது என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்க்கும்போது வலப்பக்கம் சாய்ந்துதான் உட்காருவார், உனக்கே தெரியும். முதலில் விளிம்பில் பழைய துண்டைச் சுற்றினார், பிறகு தச்சரைக் கூப்பிட்டு விளிம்பையே இழைத்து வளைவாக்கினார். மேசை அழகாகிவிட்டது, வலி போகவில்லை. பசி இல்லை, ஆளும் இளைத்துக்கொண்டே போனார். ஸ்கேன் எடுத்த பிறகுதான் கல்லீரலில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்தது. வேறெங்கிருந்தோ பரவி வந்ததில்லையாம், கல்லீரலிலேயே உண்டானதாம்.

கல்லீரல் என்றதும் உன் மாமா புத்தி எங்கே போகும். நலம் விசாரிக்கிற சாக்கில் அப்பா வாய்க்கு அருகே மூக்கை நீட்டினார். காபியைத் தவிர எதையும் தொடாத மனுஷன் நொந்துபோய், நான் குடிக்கிறவன் இல்லை என்று ஒரு தாளில் எழுதித் தாருங்கள் என்று டாக்டரம்மாவிடம் கேட்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. இது குடிப்பவர்களுக்கு மட்டும் வருவதில்லை, மஞ்சள் காமாலைக் கிருமியில் பி வகை ஒன்று சின்ன வயதிலேயே ரத்தத்தில் புகுந்து, சத்தமில்லாமல் கல்லீரலைக் கெட்டியாக்கியிருக்கிறது என்றார். அதனால் வெட்டி எடுக்க முடியாதாம். தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு, கட்டிக்குள் மருந்து செலுத்தி, அதற்குப் போகிற ரத்தத்தை அடைப்பார்களாம். குணமாகிவிடும் என்று சொல்லவில்லை, கட்டுக்குள் வைக்கப் பார்க்கலாம் என்றார்.

வீட்டில் எல்லோரும் ரத்தம் பார்க்கவேண்டுமாம். ஒரே வீட்டில் பிளேடு, பல் பிரஷ் வழியாகக்கூட ஒட்டிக்கொள்ளுமாம். எனக்கும் தம்பிக்கும் இல்லை, தடுப்பூசி போட ஆரம்பித்துவிட்டோம். மீதி நீதான். உனக்கு இருந்தாலும் இடிந்துபோகாதே, மாத்திரையும் ஆறு மாதத்துக்கொரு ஸ்கேனுமாக முற்றவிடாமல் பார்த்துக்கொள்ளலாமாம். போன வாரம் விவரம் சொல்லாமல் ரத்தம் மட்டும் பார் என்றதற்குப் பார்க்கலாம்மா என்றாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது, அப்பா காதில் விழுந்துவிட்டது.

அன்றிலிருந்து, ஆஸ்பத்திரியில் படுக்கை தருகிறோம் என்று கூப்பிட்டும் அசைய மாட்டேன் என்கிறார். "அவளுக்கும் நான் குடுத்துட்டேனான்னு தெரியாம எனக்கு எதுக்கு வைத்தியம்? அவ ரிசல்ட் வரட்டும்" என்கிறார். கெஞ்சினேன், திட்டினேன், ஓய்ந்துவிட்டேன் கண்ணு. இந்தப் பிடிவாதம் உனக்கு யாரிடமிருந்து வந்தது என்று மட்டும் ரத்தம் பார்க்காமலே தெரியும்.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருங்கள். நாளைக்கே ரத்தம் பார்க்கப் போ, சாப்பிட்டுவிட்டே போகலாமாம். முடிவு எதுவானாலும் அப்பாவிடம் நீயே சொல். ஆஸ்பத்திரிக்கான பையில் அவர் துணிகளை அடுக்கி வைக்கிறேன். அவர் எடுத்து வெளியே வைக்கிறார். நான் மறுபடியும் அடுக்குகிறேன்.

உன் வாய்ச்சொல்லுக்குக் காத்திருக்கும்
அம்மா