பொன்வண்டுப் பாட்டும் இரண்டு கையெழுத்தும்

உ

லேபர் கேம்ப்,
மாட்டுங்கா, பம்பாய் - 19.
13-12-1966

சிரஞ்சீவி மகன் வானமாமலைக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் வீட்டுக்காரி செண்பகவல்லியும் உன் மகளும் கைகால் சுகத்தோடு நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே பஹ்ரைனில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, வெல்டிங் நெருப்புக்குக் கண்ணைக் காத்துக்கொண்டு இருக்கிறாய் என்று உன் கையால் எழுதி வந்தால்தான் எங்கள் சுகமும் முழுச் சுகமாகும். விக்ரோலியில் உன் தங்கச்சி இசக்கிக்கு ஏழாம் மாதம். கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, மற்றபடி முகம் தெளிவாக இருக்கிறாள். ஐப்பசிக் கடைசியில் நீ எழுதிய கடிதம் வந்து பதினைந்து நாளுக்கு மேல் ஆகிறது. தை பிறந்ததும் கம்பெனி ஒப்பந்தம் முடிகிறது, இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், போடலாம் என்று இருக்கிறேன், நீ என்ன சொல்கிறாய் அம்மா என்று கேட்டிருந்தாய். செண்பகவல்லியிடம் காட்டினேன். படித்துவிட்டு, அத்தை நீங்களே எழுதுங்க, எனக்கு என்ன எழுதன்னு தெரியலை என்று சொல்லிவிட்டு அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்துவிட்டாள். ரேஷன் அரிசியில் கல் அதிகந்தான், ஆனாலும் அன்றைக்கு அவள் பொறுக்கினது ரொம்ப நேரம். நானும் மூன்று தடவை காகிதம் எடுத்து வைத்துப் பதில் எழுதாமல் மடித்துவிட்டேன். இன்றைக்கு எழுதிவிடுவேன். அதற்கு முன்னால் நேற்று முன்தினம் ஞாயிற்றுக்கிழமை நடந்ததை உனக்குச் சொல்லியாக வேண்டும், அதைச் சொல்லாமல் பதில் வராது.

நான் உன் பாடகர் சந்திரமௌலியைப் பார்த்துவிட்டேன் ஐயா. போட்டோவில் இல்லை, நம் வாசலுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு வகுப்பறை கட்டுவதற்காகச் சங்கத்துக்காரர்கள் அவரை மெட்ராஸிலிருந்து வாத்தியக்காரர்களோடு வரவழைத்து, மைதானத்தைச் சுற்றிப் படுதா கட்டிக் கச்சேரி வைத்தார்கள். பக்கத்து வீட்டு மதீனா பீவியின் வீட்டுக்காரர் கலீலுல்லா, தோல் பை தைக்கிற கடையிலிருந்து வரும்போதே டிக்கெட்டுகளை வாங்கிக்கொண்டு வந்து, மதினி, இத்தனை வருஷம் எங்க வீட்டு ரேடியோவுல ஓசியிலே கேட்டியள்லா, இப்ப அந்த ஆளையே பாத்துட்டு வாங்க என்றார். நீ போன பிறகும் ஞாயிறு தவறாமல் மதீனா பீவி வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து சிலோன் ரேடியோவில் அவர் பாட்டு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பவள் நான். முதலில் உனக்காகத்தான் கேட்டேன். நீ குர்லா ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்முன் குழாயடியில் அவருடைய பொன்வண்டுப் பாட்டை முணுமுணுத்து, நடுவில் வருகிற விசிலையும் அப்படியே அடித்துக்கொண்டு குளிப்பாயே, அதற்காக. பிறகு எனக்கே அது பழகிவிட்டது. இந்த வயசில் இவளுக்கு இந்தப் பித்து என்று நாலுபேர் சொன்னாலும் சொல்லட்டும்.

கச்சேரியில் யாருக்கு எந்தப் பாட்டு வேண்டுமோ அதைச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்பலாம் என்று மதீனா பீவி சொன்னாள். நான் சனிக்கிழமை மத்தியானம் குழந்தையைக் குளிப்பாட்டித் தூங்கவைத்துவிட்டு உட்கார்ந்து எழுதினேன். எனக்கு எழுதத் தெரிந்தது ஒரே வகைதானே. அஞ்சாம் வகுப்போடு நின்ற பிறகு இந்தக் கை கடிதத்தைத் தவிர வேறு எதையும் எழுதியதில்லை. ஆகவே மேலே பிள்ளையார் சுழி போட்டு, ஊரும் தேதியும் எழுதி, சுகம் விசாரித்து, ஒரு பக்கம் நிறைய எழுதி நாலாக மடித்தேன். மைதானத்தில் பார்க்கிறேன், மற்றவர்கள் கொடுத்த சீட்டெல்லாம் பஸ் டிக்கெட் அளவுக்கு இருக்கிறது. பாட்டு முதல் வரியும் பேரும், அவ்வளவுதான். மதீனா பீவி என்னுடையதைப் பார்த்துத் துப்பட்டியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மதினி, அவுக பாட வந்துருக்காகளா, உங்களுக்குப் பதில் போட வந்துருக்காகளா என்று கேட்டாள். செண்பகவல்லி, வேண்டாம் அத்தை என்றாள். ஆனால் பேட்ஜ் குத்திய தொண்டர் தட்டை நீட்டிவிட்டார், நானும் போட்டுவிட்டேன்.

நாலரை மணிக்கு ஆரம்பம். பெண்களுக்கு இடதுபக்கம் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள், நாங்கள் மூன்று மணிக்கே போய் முன்வரிசை பிடித்துவிட்டோம். அவர் வந்தபோது யாரோ மைக் சரிசெய்ய வந்த ஆள் என்றுதான் நினைத்தேன். அத்தனை ஒல்லி, குட்டை, நெற்றியில் லேசாக வழுக்கை. அந்தக் குரலுக்கு நான் மனசில் கட்டிவைத்திருந்த ஆள் ஆறடி. ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு மைக் முன்னால் வந்து நின்றார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு வாயைத் திறந்தார். அந்த நேரத்தை உனக்கு எப்படி எழுதுவேன் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். ரேடியோவில் கேட்கும்போது பாட்டுக்குப் பின்னால் கொரகொரவென்று ஒரு சத்தம் கூடவே வருமே, கடல் தாண்டி வருகிறதால் வருகிற சத்தம் என்று நீ சொல்வாயே, அது இல்லை. அந்தக் கொரகொரப்பு இல்லாத பாட்டை நான் என் ஆயுசில் முதல்முதலாகக் கேட்டேன். திரை போட்டிருந்த சாமிக்குத் திரையை விலக்கினாற்போல் இருந்தது. எனக்கு முழங்கையிலிருந்து தோள்வரை மயிர் நின்றது. கிட்டார் அடிக்கிறவர், அக்கார்டியன்காரர், பாங்கோஸ் தட்டுகிற பையன் எல்லாரும் அவர் காலின் பெருவிரலைப் பார்த்துக்கொண்டே வாசித்தார்கள், அந்த விரல்தான் தாளம். ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்கு முன்னால் அவர் மூச்சு இழுக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. கழுத்து நரம்பு புடைக்கிறதும் தெரிந்தது. பாட்டு அவருக்குத் தானாக ஊறி வருகிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லை ஐயா. நீ இரும்பை ஒட்டவைக்கிற மாதிரி, ஒவ்வொரு வரிக்கும் அந்த மனுஷன் மூச்சைப் பிடித்து வேலை பார்க்கிறார். சட்டை முதுகெல்லாம் நனைந்துவிட்டது. அத்தனை உழைப்பும் நம் காதுக்கு வரும்போது பஞ்சு மாதிரி வருகிறது. அதை நினைத்தபோது எனக்கு இன்னும் பெரிய பிரமிப்பாகப் போனது. மைதானத்துக்கு வெளியே டாக்ஸிக்காரர்கள்கூட வண்டியை நிறுத்திவிட்டுப் படுதா ஓரமாக நின்றார்கள், அவர்களுக்குத் தமிழே தெரியாது.

ஏழு பாட்டு ஆன பிறகு சீட்டுகளைப் பிரித்தார்கள். அறிவிப்புக்காரர் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தவர் என்னுடையதைப் பிரித்ததும், இது சீட்டு இல்லீங்க, தபால் என்று சிரித்தார். கூட்டமும் சிரித்தது. எனக்கு உடம்பு கூசிவிட்டது, ஜமுக்காளத்துக்குள் புகுந்துகொள்ளலாமா என்று இருந்தது. சந்திரமௌலி கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். கொடுங்க, எனக்கு வந்த கடிதத்தை நான் படிக்கிறேன் என்று சொல்லி, மைக் முன்னால் நின்று, பாடகர் சந்திரமௌலி தம்பிக்கு லேபர் கேம்ப் பேராச்சி எழுதிக்கொண்டது என்று ஆரம்பித்துவிட்டார். இரண்டாயிரம் பேர் முன்னால் ஐயா. என் எழுத்து, அவர் குரலில். போன மாசம் ரேடியோவில் கேட்டபோது உங்கள் தொண்டை கட்டியிருந்தது, சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்துக் குடியுங்கள், பம்பாய்த் தண்ணீரைப் பச்சையாகக் குடிக்காதீர்கள் என்று நான் எழுதியிருந்ததையும் விடாமல் படித்தார். சிரிப்பு அடங்கவில்லை. அவர் மட்டும் குனிந்து பிளாஸ்கை எடுத்து உயர்த்திக் காட்டி, வெந்நீர்தான் அம்மா குடிக்கிறேன் என்றார். அப்போது என்னைச் சுற்றி இருந்த பெண்களெல்லாம் யார் அந்த அம்மா என்று திரும்பினார்கள். மதீனா பீவி, இவுகதான், எங்க மதினிதான் என்று என் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்திவிட்டாள். கூச்சமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை, நின்றேன், கும்பிட்டேன். அஞ்சாம் வகுப்பு போதும் என்று நிறுத்திய என் அப்பா இருந்து பார்த்திருக்க வேண்டும்.

பிறகு அவர், என் மகன் வானமாமலை பஹ்ரைனில் இருக்கிறான், அவனுக்காகப் பொன்வண்டுப் பாட்டைப் பாட வேண்டும் என்ற இடம்வரை படித்தார். உன் பேர் அத்தனை ஒலிபெருக்கியிலும் கேட்டது. செண்பகவல்லி முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். அதற்குக் கீழே இன்னும் நாலு வரி இருந்தது. அதை அவர் வாய்க்குள்ளே படித்தார். சிரித்த முகம் மாறிவிட்டது. காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வாத்தியக்காரர்களிடம் திரும்பித் தலையசைத்தார், பாட்டு ஆரம்பமாயிற்று. தீப்பெட்டிக்குள் பொன்வண்டு பிடித்து வைத்துக்கொண்டு அலைகிற பிள்ளையின் பாட்டு உனக்குத் தெரியாததா. துள்ளிக்கொண்டு போனது, கூட்டம் முழுக்கக் கைதட்டித் தாளம் போட்டது. நடுவில் வாத்தியம் எல்லாம் நின்று விசில் மட்டும் வந்தது. அந்த இடத்தில் கைதட்டலும் நின்று மைதானமே மூச்சடங்கி இருந்தது. அப்போது என் மடியில் இருந்த உன் மகள் துள்ளி எழுந்து, அப்பா ஆகயா, ஆச்சி, அப்பா வந்தாச்சு என்று கத்தினாள் பார்.

தப்பு என்மேல்தான். உனக்கு அவள் பிறந்த சேதி கடிதத்தில் வந்தது, அவளுக்கு நீ போட்டோவில் வந்தாய். என் பேரை வைத்த பிள்ளையை, மாமியார் பேரைச் சொல்லக்கூடாது என்று செண்பகவல்லி குட்டி குட்டி என்றுதான் கூப்பிடுகிறாள். இந்தக் குட்டிக்கு வாயற்ற போட்டோ போதவில்லை. அப்பா எப்படிப் பேசுவாங்க என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் ஒருநாள் ரேடியோவில் அந்த விசில் வந்தபோது, இதுதான் உங்கப்பா விசில் என்று சொல்லிவிட்டேன். நீ அடிக்கிற விசில் என்ற அர்த்தத்தில் சொன்னேன். அவள் ரேடியோவுக்குள் இருப்பது நீதான் என்று முடிவு கட்டியிருக்கிறாள், மூன்றே முக்கால் வயசுப் பிள்ளைக்கு வேறு எப்படித் தோன்றும். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பாட்டை முடித்து, எங்கள் பக்கமாக மேடை விளிம்புக்கு வந்து குந்தி உட்கார்ந்து, மைக் இல்லாமல், தாயி, இது உங்கப்பா பாட்டு, நான் அவருக்குப் பதிலாத்தான் பாடினேன் என்றார். பிறகு எழுந்து மைக் பக்கம் போய்விட்டார்.

ஏழு மணிக்கு எல்லாம் முடிந்தது. நாங்கள் கிளம்பும்போது தொண்டர் ஓடிவந்து என் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். அடியில் சந்திரமௌலி தன் கையால், அம்மா, கடைசி நாலு வரியை நான் சொன்னால் அதுவும் பாட்டாகிவிடும், நீங்களே உங்கள் மகனுக்கு எழுதுங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். வெளியே அவர் காரில் ஏறிப் போவதைக் குட்டி பார்த்துவிட்டாள். நம் ஒற்றை அறைக் கோலிக்குள் வந்து விளக்கைப் போட்டதும், அப்பா ஏன் நம்ம கோலிக்கு வரலை ஆச்சி, நான் கத்துனது கேக்கலையா என்று கேட்டாள். அவர் அப்பா இல்லை என்று செண்பகவல்லி சொன்னதற்கு, அப்போ அப்பா எங்கே என்றாள். போட்டோவைக் காட்டினேன். திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்தக் கடைசி நாலு வரி இதுதான். தம்பி, பாடகர்கள் கப்பலேறித் தூர தேசம் எல்லாம் போவீர்கள், பஹ்ரைன் பக்கம் போனால் என் மகனைப் பார்த்து உங்கம்மா வரச் சொன்னாள் என்று சொல்லுங்கள், என் வாயால் சொன்னால் அவன் பிழைப்புக்குக் குறுக்கே நிற்கிறேனோ என்று நாலு வருஷமாகப் பயந்து சொல்லாமல் இருக்கிறேன், நீங்கள் சொன்னால் கேட்பான். இப்போது அவர் எழுதியபடி நானே எழுதுகிறேன். வந்துவிடு ஐயா. போன தடவை இசக்கி கல்யாணம் முன்னால் நின்றது, லீவையும் விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாய், சரி என்றேன். இப்போது அப்படி ஒன்றும் முன்னால் நிற்கவில்லை. குர்லா ஒர்க்‌ஷாப்பில் உன்னை இன்னமும் விசாரிக்கிறார்கள். அந்தக் காகிதத்தை இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். மேலே என் கையெழுத்து, கீழே உன் பாடகர் கையெழுத்து. கம்பெனிக் காகிதத்தில் மூன்றாவது கையெழுத்தைப் போடுமுன் இந்த இரண்டையும் ஒருமுறை பார். அதற்குப் பிறகும் போட வேண்டும் என்று தோன்றினால் போடு, கோபிக்க மாட்டேன், ஆனால் நான் கூப்பிடவில்லை என்று மட்டும் நீ நினைத்திருக்கக் கூடாது.

வெயிலில் வேலை பார்த்துவிட்டு உடனே குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே. கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் நெருப்புப் பக்கம் போகாதே. தாயும் பெண்டாட்டியும் பெற்ற பிள்ளையும் சுற்றி இருக்க நீ நூறு வயசு இருக்க வேண்டும் என்று நம் குலதெய்வத்தைக் கும்பிட்டு இந்தக் கடிதத்தை மடிக்கிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே. ஸ்டேஷனிலோ துறைமுகத்திலோ குட்டி உன்னைப் பார்த்ததும் நம்ப மாட்டாள். நீ முதலில் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம், அந்த விசிலை அடி. விட்டுப்போயிருந்தால் இன்றைக்கே பழக ஆரம்பி.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
வா. பேராச்சி