தண்டர் பாய்ஸின் இரண்டாவது கேசட்

3-6-84, ஞாயிறு
கோச்சடையில், ராஜாராம் வீட்டு மாடியில் தண்டர் பாய்ஸ் அவசரக் கூட்டம். பாய்ஸ் மொத்தமே மூன்று பேர்: கிதார் ராஜாராம், பாட்டு தவசி, டிரம்ஸ் அழகு, அதாவது நான். (‘தண்டர்’ என்பதில் கடைசி எழுத்தை விழுங்கிவிட்டுத்தான் அப்பா கூப்பிடுவார்.) முதல் கேசட் முழுக்க இங்கிலீஷ் ராக். அர்த்தம் பாடிய எங்களுக்கும் தெரியாது, கேட்டவர்களுக்கும் தெரியாது. அதனால் தகராறு இல்லை. நாகமலை புதுக்கோட்டை ஹாஸ்டலில் ஓகோவென்று ஓடியது.

“ரெண்டாவதுல நமக்குன்னு ஒரு அடையாளம் வேணும்டா” என்றான் ராஜாராம். முதல் வேலையாக முடி வெட்டுவதை நிறுத்தியிருக்கிறான்.

10-6-84
தவசி தமிழில் சொந்தமாகப் பாட்டு எழுதுகிறானாம். வீட்டுக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடி. படி தெரியாமல் உருண்டான். “கலைஞன்னா அப்பிடித்தாண்டா!”

இவனுக்கு ஒரு ரசிகைதான் பாக்கி. இன்லண்ட் லெட்டர் வாங்கி இடது கையால் எழுதினேன்: ‘தங்கள் குரல் தேன். அந்த டிரம்ஸ் சத்தம்தான் அதை அமுக்குகிறது. தனியாகப் பாடக் கூடாதா? இப்படிக்கு, செல்லக்கிளி, விளாங்குடி.’ என்னை நானே திட்டிக்கொண்டால் யாருக்குச் சந்தேகம் வரும்? மூளைடா எனக்கு!

14-6-84
கடிதம் சேர்ந்துவிட்டது. தவசி பவுடர் போட்டிருக்கிறான்.

17-6-84
மூளையாவது, மண்ணாவது.

தவசி சோலோ கேசட் போடப் போகிறான். டிரம்ஸ் கிடையாது. “அப்ப நானும் சோலோ. வெறும் கிதார்தான், பாட்டே வேணாம்” என்று ராஜாராமும் கிளம்பிவிட்டான்.

“அப்ப நான்?”

“நீயும் ஒண்ணு போடு மாப்ள. வெறும் டிரம்ஸ்!”

சிரிச்சானுக. நானும் சிரிச்சேன். திரும்பி வாரப்ப சைக்கிளை மிதிக்கவே முடியல.

18-6-84
சோலோவாம் சோலோ. சோளம்!

24-6-84
எங்கள் மொட்டை மாடியில் என் சோலோவைப் பதிவு செய்தேன். அப்பா ஏறி வந்தார். “எவன்டா பந்தலைப் பிரிக்கிறது?”

போட்டுக் கேட்டேன் — அப்பா சொன்னது சரி. செல்லக்கிளி சொன்னதும் சரி. அந்தக் கழுதை நான்தானே? விளையாட்டுக்குத்தானே எழுதுனேன்? அப்புறம் ஏன் இப்படி வலிக்குது?

27-6-84
செல்லக்கிளி நான்தான்னு ரெண்டு பேருகிட்டயும் சொல்லிட்டேன். தவசி என் கன்னத்தில் ஒன்று விட்டான். பிறகு கண்ணாடியைக் கழற்றினான். கண் சிவந்திருந்தது.

“எழுதுனது நீயாவே இருக்கட்டும் அழகு. பொய்யாடா எழுதுன?”

கன்னத்தைத் தடவிக்கொண்டேன்.

“பக்கத்து ரூம்லதான் எங்கம்மா இருக்காங்க. உன் டிரம்ஸ் சத்தத்துல இவன் பாடி ஒரு வார்த்த அவங்க காதுல விழுந்ததில்லடா” என்றான் ராஜாராம். அவனும் இன்னும் சோலோவை ஆரம்பிக்கவில்லை. கிதார் மட்டும் ரொம்ப நேரம் வாசித்தால் அவனுக்கே தூக்கம் வருகிறதாம்.

1-7-84
குச்சிகளை வீட்டில் போட்டுவிட்டு, விளக்குமாற்றிலிருந்து ஒரு பிடி ஈர்க்குச்சியை உருவிக்கொண்டு, டிரம்ஸோடு ராஜாராம் வீட்டு மாடிக்குப் போனேன்.

“கூட்ட வந்தியா?” — ராஜாராம்.

“ஒரே ஒரு தடவை. பிடிக்கலேன்னா போயிர்றேன்.”

தவசி பாட ஆரம்பித்தான். ஈர்க்குச்சியால் டிரம்ஸை மெல்ல வருடினேன். அவன் அம்மா மாயக்காள் தெருக்குழாயில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, வராத தண்ணீரோடு பேசிக்கொண்டிருக்கிற பாட்டு. தண்ணீரை ‘ஏய் சீமாட்டி’ என்று கூப்பிடுகிறாள்.

மூன்று வருடமாக இவனுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். இவன் என்ன பாடுகிறான் என்று இன்றைக்குத்தான் கேட்டேன். இரண்டாவது சரணத்தில் கை நின்றுவிட்டது.

தவசி திரும்பிப் பார்த்தான்.

“வாசிடா மாப்ள.”